ஆர்கானிக் பொருள்களுக்குக் கூடுதல் விலை: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

"வீட்டில் நான்கு பேர், அதில் இரண்டு சிறு பிள்ளைகள். மளிகைக்கும் காய்கறிக்கும் மாதம் 12,000 ரூபாய் ஆகிறது. எல்லாவற்றையும் ஆர்கானிக்காக மாற்றினால் 20,000 தாண்டிவிடும். அந்தக் கூடுதல் செலவு தகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். சில பொருள்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், பலவற்றுக்குத் தேவையே இல்லை. எட்டாயிரம் ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அதைச் சரிக்கட்டப் பிள்ளைகளின் பழத்திலும் முட்டையிலும் கைவைக்கும் நிலை வந்தால் அது நஷ்டம்தான். நான் கோவையில் குடும்பம் நடத்துகிறேன், அண்ணன் தாராபுரம் பக்கம் தோட்டம் பார்க்கிறார். வாங்குகிறவர் கவலையும் தெரியும், விளைவிக்கிறவர் கவலையும் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சத்து விஷயம். ஆர்கானிக் என்றால் சத்து அதிகம் என்று கடைகளில் சொல்வார்கள். 2012-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வைட்டமின்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. 2014-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 343 ஆய்வுகளைத் தொகுத்து, ஆன்ட்டிஆக்சிடன்ட் வகைச் சத்துகள் ஆர்கானிக் பயிரில் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றார்கள். இரு தரப்பும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு: பூச்சிமருந்து எச்சம் ஆர்கானிக்கில் தெளிவாகக் குறைவு. புற்றுநோயைப் பொறுத்தவரை, சுமார் 69,000 பேரைக் கவனித்த 2018-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வில், ஆர்கானிக் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 25 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைக் கவனித்த 2014-ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வில், மொத்தப் புற்றுநோய் ஆபத்தில் அப்படி எந்தக் குறைவும் இல்லை. ஆர்கானிக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், காய்கறியும் அதிகம் சாப்பிடுகிறவர்கள். எது எதனால் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். சத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. எந்தத் தோட்டத்து முருங்கைக்கீரையும் நல்ல கீரைதான்.

எச்சம்தான் பேச வேண்டிய விஷயம். மத்திய வேளாண் அமைச்சகம் நாடு முழுவதும் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கிறது. 2018-19-இல் 23,000-க்கும் அதிகமான மாதிரிகளைப் பார்த்ததில், சுமார் 19 விழுக்காட்டில் மருந்து எச்சம் இருந்தது. அனுமதித்த அளவைத் தாண்டியவை 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நாம் தினமும் விஷம் சாப்பிடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவது மிகை என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் இந்த எச்சம் எல்லாக் காய்களிலும் ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. சில பயிர்களில்தான் குவிந்து கிடக்கிறது. எவை அவை, ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டையும் காயையும் துளைக்கிற புழு, முட்டையிலிருந்து வெளிவந்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே போய்விடும். போனபின் மேலே என்ன அடித்தாலும் அதன்மேல் படாது. அதனால் அது உள்ளே போவதற்கு முன்பே அடித்தாக வேண்டும் என்று, காய்ப்பு தொடங்கியதிலிருந்து வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறார்கள். காயையோ சில நாளுக்கொரு முறை பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று மருந்துப் புட்டியிலேயே அச்சிட்டிருக்கும். வாரம் ஒருமுறை அடித்து, நடுவில் இருமுறை பறிக்கிற பயிரில் அந்த இடைவெளியை எங்கே கடைப்பிடிப்பது? நேற்று அடித்த காய் இன்று சந்தைக்கு வருவது இப்படித்தான். விவசாயியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு சின்ன ஓட்டை தெரிந்தாலும் அந்தக் காயை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு வேறு காய் பொறுக்குகிறவர்கள் நாம்தான்.

வெண்டை, தட்டைக்காய், பச்சை மிளகாய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு பக்கம் பூச்சி, ஒரு பக்கம் தொடர்ந்து பறிப்பு. இந்த இரண்டும் சேர்கிற காய் எதுவாக இருந்தாலும் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க நான் தயங்குவதில்லை. காலிஃபிளவரில் பறிப்பு ஒரு முறைதான், ஆனால் பூவின் இடுக்குகளுக்குள் போன மருந்தைக் கழுவுவது கடினம். திராட்சைக்குப் பூஞ்சாண மருந்தும் சேரும், அதைத் தோலோடுதான் சாப்பிடுகிறோம்.

கறிவேப்பிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் காரமடை, மேட்டுப்பாளையம் பகுதியிலிருந்து கேரளத்துக்கும் வெளிநாடுகளுக்கும் போகிற சரக்கு இது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம், மருந்து எச்சம் இருந்த பொருள்கள் என்று வெளியிட்ட பட்டியல்களில் கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியக் கறிவேப்பிலைக்குத் தனிச் சோதனை வைத்தது. இலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோமே என்று நினைக்கலாம், ஆனால் தாளிக்கிறபோது அது எண்ணெயில்தானே பொரிகிறது. இதற்கு ஆர்கானிக் கடையும் வேண்டாம். ஒரு பெரிய தொட்டி, நல்ல வெயில், புளித்த மோர் இருந்தால் போதும். அடுக்குமாடி வீட்டிலும் கறிவேப்பிலைச் செடி வரும். கொத்தமல்லி, புதினாவையும் பால்கனியில் போட்டுக்கொள்ளலாம்.

பூசணி, சேனைக்கிழங்கு, வாழைக்காய், வெங்காயம், பூண்டு, தேங்காய் போன்று தோல் தடித்த, உரித்துச் சமைக்கிற பொருள்களுக்கு நான் கூடுதல் விலை கொடுப்பதில்லை.

அரிசியில் ஒரு நுணுக்கம் உண்டு. நெல்லில் மருந்து எச்சம் பெரும்பாலும் உமியிலும் தவிட்டிலும் தங்கும். பாலிஷ் போட்ட வெள்ளை அரிசியில் தவிடே போய்விடுவதால், அதை ஆர்கானிக்காக வாங்குவதில் சாப்பிடுகிறவருக்கு ஆதாயம் கொஞ்சம்தான். கைக்குத்தல் அரிசி, தீட்டாத அரிசி என்று தவிட்டோடு சாப்பிடுகிறவர்கள்தான் அவசியம் பார்க்க வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாக இருக்கிறது. உடம்புக்கு நல்லது என்று தீட்டாத அரிசிக்கு மாறுகிறவர்கள், அது எப்படி விளைந்தது என்று கேட்பதே இல்லை.

மற்றதைக் கழுவுங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது நம் வீட்டுப் புளிதான்: ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் அளவுக்குப் புளி கரைத்து, காயைக் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுவது. மேலே ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி இதில் போய்விடும். இமிடாக்ளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் செடிக்குள்ளேயே பரவியிருக்கும், அவை போகாது. கத்தரி, மிளகாய் போன்றவற்றுக்கு மட்டும் பணத்தைச் செலவிடச் சொல்வது அதனால்தான்.

சரி, கூடுதல் விலை கொடுக்கத் தயார். கொடுத்தால் நிஜமான சரக்கு கிடைக்குமா? 2017-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, பொட்டலத்தில் ஆர்கானிக் என்று போட்டு விற்க, ஏற்றுமதித் தரத்துக்கான என்பிஓபி சான்றோ, விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்க்கும் பிஜிஎஸ் சான்றோ வேண்டும். ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையும் இருக்க வேண்டும் என்றது அந்த விதி. நம் மாநிலத்திலேயே கோவையில் அரசின் உயிர்மச் சான்றளிப்புத் துறை இயங்குகிறது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்து நுகர்வோரிடம் நேரடியாக விற்கிற சிறு விவசாயிக்குச் சான்று கட்டாயமில்லை. ஆகவே, சந்தையில் சாக்கு விரித்து விற்கிற விவசாயியிடம் முத்திரை இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். கடையில் பாக்கெட்டில் வருவதற்கு முத்திரை இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

முத்திரை இருந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. 2020-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன எள்ளில், கிருமி நீக்கப் பயன்படுத்தும் எத்திலீன் ஆக்சைடு என்ற நச்சு வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஆர்கானிக் சான்று பெற்ற எள்ளும் இருந்தது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இயற்கை அங்காடி என்று பலகை வைத்த கடைக்குள் இருப்பதெல்லாம் ஆர்கானிக் அல்ல. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் எல்லாம் பாரம்பரிய ரகங்கள். நெல் ஜெயராமன் 170-க்கும் அதிகமான பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தது மிகப் பெரிய காரியம், அதில் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனால் கவுனியை யூரியா போட்டும் விளைவிக்கலாம். மரச்செக்கு என்பது எண்ணெய் ஆட்டும் முறை, கடலை எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது. நாட்டுச் சர்க்கரை என்ற பெயரில் வெள்ளைச் சர்க்கரை கலந்த சரக்கும் வருகிறது. பால், முட்டை விஷயத்திலும் பெயரை நம்பி அதிகம் கொடுக்காதீர்கள். முட்டை ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல.

விவசாயியை நேரில் பார்த்தால் ஒரே கேள்வி போதும்: "பூச்சிக்கு என்னங்க அடிக்கிறீங்க?" நிஜமாகவே இயற்கை முறையில் செய்கிறவர் அரை மணி நேரம் பேசுவார். வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, ஓரத்தில் போட்ட ஆமணக்கு, போன பருவத்தில் கைவிட்டுப்போன பயிர் என்று எல்லாம் வரும். "ஒண்ணுமே அடிக்கிறதில்லீங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, ஆண்டு முழுக்க ஒரே அளவில் பளபளவென்று தக்காளி கொண்டுவருகிறவரிடம் நான் வாங்கமாட்டேன்.

விலை ஏன் அதிகம் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மூட்டை யூரியா, 45 கிலோ, மானியத்தால் 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே தழைச்சத்தை (நைட்ரஜனை) தொழுவுரமாகப் போட வண்டி வண்டியாக எரு வேண்டும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும். களைக்கொல்லி அடித்தால் ஒரு ஆள் ஒரே நாளில் முடித்துவிடுகிற வேலைக்குக் கையால் களை எடுத்தால் ஏக்கருக்கு எத்தனை ஆள் என்று கணக்குப் பாருங்கள். ஆள் கிடைப்பதே இப்போது பெரும் பாடு. அப்புறம், ரசாயனத்தை நிறுத்திய அன்றே சான்று கிடைத்துவிடாது. என்பிஓபி முறையில் ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும், நீண்ட காலப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாற்றுக் காலம் என்று காத்திருக்க வேண்டும். மகசூல் விழுகிற அந்த ஆண்டுகளில் விலை மட்டும் சாதாரணச் சரக்கின் விலைதான். அண்ணன் கொஞ்சம் நிலத்தில் மட்டும் மாறியிருப்பதற்கு இதுதான் காரணம். முழுத் தோட்டத்தையும் மாற்றினால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? இலங்கையில் 2021-இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே திரும்பப் பெற்றார்கள். அப்படியும் அடுத்த அறுவடையில் நெல் விளைச்சல் சரிந்தது. மண் மாறவே ஆண்டுகள் ஆகும்.

கூடுதல் விலை கொடுப்பதற்கு எனக்கிருக்கும் பெரிய காரணம் என் தட்டில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. சாப்பிடுகிற நமக்கு வருவது எச்சம். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அடிக்கிறவருக்கு முழு மருந்தும் மூக்கிலும் தோலிலும் படுகிறது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாள்களும் நஞ்சேறி இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நம் ஊரிலும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், காற்று எதிரே வீச மருந்து அடிக்கிறவர்களை யாரும் பார்க்கலாம். சாயங்காலம் தலைவலி, வாந்தி என்றால் மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். மருந்தில்லாமல் விளைந்த கத்தரிக்கு நான் கூடுதலாகக் கொடுக்கிற பதினைந்து இருபது ரூபாயால் ஒருவராவது அந்த டேங்கைத் தூக்காமல் இருக்கிறார் என்பது, நான் சாப்பிடுகிற எச்சம் குறைவதைவிட எனக்கு முக்கியம். அந்தப் பணம் விவசாயிக்கே போய்ச் சேர்ந்தால்தான் இது நடக்கும். ஏசி போட்ட கடையில் கொடுக்கும் கூடுதல் விலையில் பாதி வாடகைக்கும் பொட்டலத்துக்கும் போய்விடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், எட்டாயிரத்துக்குப் பதில் மாதம் 1,500 முதல் 2,000 ரூபாய் வரை ஒதுக்குவேன். இலையையே சாப்பிடுகிற கீரை, அப்புறம் கத்தரி, வெண்டை, மிளகாய், தட்டைக்காய் ஆகியவற்றை வாரம் ஒருமுறை ஒரே விவசாயியிடம், முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவேன். உழவர் சந்தையில் இரண்டு மூன்று வாரம் விசாரித்தால் அப்படி ஒருவர் அகப்படுவார். தீட்டாத அரிசி சாப்பிடுகிற வீடு என்றால் அதையும் சேர்ப்பேன், அறுவடை சமயத்தில் மூட்டையாக வாங்கினால் விலை நன்றாகக் குறையும். திராட்சையை ஆர்கானிக்காகத் தேடி அலையாமல், பிள்ளைகளுக்குக் கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் வாங்கிக்கொடுப்பேன். ஒரு நாளைக்குக் காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பெரியவர்களுக்கு. நம் வீடுகளில் பெரியவர்களே அதைத் தொடுவதில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைச் சாதாரணச் சந்தைக் காய்க்கும் பருப்புக்கும் முட்டைக்கும் கூடுதலாகப் போடுங்கள். நீங்கள் இருக்கும் ஊரைச் சொன்னால், அங்கே எந்தப் பருவத்தில் எந்தக் காயை மருந்தில்லாமல் எதிர்பார்க்கலாம் என்று அண்ணனிடம் கேட்டு எழுதுகிறேன்.