டைகாண்டெரோகாவின் கீழ்த்தளம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியக் குடியேற்றம் பற்றிய தங்கள் கட்டுரையில், 1852-இல் மெல்போர்ன் அருகே வந்து சேர்ந்த டைகாண்டெரோகா என்னும் கப்பலில் ஏராளமானோர் காய்ச்சலால் மாண்டதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தண்டனைக் கைதிகளை ஏற்றிச் சென்ற கைதிக் கப்பல்களில் சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். விலங்கிட்டு ஏற்றப்பட்ட கைதிகள் பிழைத்திருக்க, அரசின் உதவியோடு விரும்பிப் போன குடும்பங்கள் மாண்டது எப்படி? பயணம் நீண்டதுதான் காரணமா? பயணிகள் சுத்தமாக இருக்கவில்லை என்றும் ஓரிடத்தில் படித்தேன். சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கூலிகளாகப் போன நம் மக்களின் கப்பல்களையும் இதே கண்ணோடு பார்க்கலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

பயணத்தின் நீளம் காரணமன்று. 1847-இல் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கனடாவுக்குப் போனவர்கள் கடலில் இருந்தது பெரும்பாலும் ஆறேழு வாரங்கள்தாம். அப்படியிருந்தும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலுள்ள குரோஸ் தீவில் மட்டும் அந்த ஓராண்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டனர். ஆஸ்திரேலியாவுக்குப் போக மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். ஆயினும் அரசு வாடகைக்கு அமர்த்திய கப்பல்களில், கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், சாவு பொதுவாகக் குறைவு. துறைமுகத்திலேயே, எத்தனை பேரை எந்த நிலையில் ஏற்றினார்கள், அவர்களை உயிரோடு கொண்டு சேர்ப்பதில் யாருக்கு ஆதாயம் இருந்தது என்பதிலேயே, பாதி விதி எழுதப்பட்டுவிட்டது என்பது என் துணிபு.

கைதிக் கப்பல்களின் கதை இதை நன்றாகக் காட்டும். 1790-இல் சிட்னிக்கு வந்த இரண்டாம் தொகுதிக் கப்பல்களை அனுப்பிய ஒப்பந்தக்காரர்கள் அடிமை வணிகத்தில் பழகியவர்கள். கரையில் இறங்கிய தலைக்கு அல்ல, கப்பலில் ஏறிய தலைக்கே அவர்களுக்குக் கூலி. சுமார் ஆயிரம் கைதிகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே மாண்டனர். 1814-இல் மேலும் சில கப்பல்களில் காய்ச்சல் பரவியபோது அதை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் வில்லியம் ரெட்ஃபெர்ன். அவரே தண்டனை பெற்று அங்கு அனுப்பப்பட்ட மருத்துவர். காற்றோட்டம், துப்புரவு ஆகியவற்றோடு, கப்பல் தலைவனுக்கு அடங்கிக் கிடக்காத அதிகாரம் உள்ள மருத்துவர் ஒருவர் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு முதல் கடற்படை மருத்துவர்கள் பொறுப்பேற்றார்கள். சாவு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவை ஒட்டிக் குறைந்தது. குடியேறிகளின் கப்பல்களும் பின்னர் இந்த முறையைக் கைக்கொண்டன. உயிரோடு இறங்கிய ஒவ்வொருவருக்கும் மருத்துவருக்கு இவ்வளவு என்று சம்பளம் வைத்தார்கள்.

அப்படியானால் 1852-இல் என்ன நேர்ந்தது? அதற்கு முந்தைய ஆண்டு, மெல்போர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. மாலுமிகள் மெல்போர்னில் இறங்கியதும் சுரங்கத்துக்கு ஓடிவிட, கப்பல் கிடைப்பது அரிதாயிற்று. ஆட்டுப் பண்ணைகளோ ஆள் வேண்டும் என்று கூக்குரலிட்டன. கப்பல்களை அமர்த்தும் பொறுப்பிலிருந்த பிரிட்டிஷ் அரசின் குடியேற்ற ஆணையர்கள் அதுவரை தயங்கிய ஒன்றைச் செய்தார்கள்: பயணிகளுக்கு இரண்டு தளங்கள் கொண்ட பெருங்கப்பல்களை அமர்த்தினார்கள். அவற்றுள் மார்கோ போலோவிலும் பூர்னெஃபிலும் தட்டம்மை புகுந்து குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் நிறைந்த குடும்பங்களையே தேடி ஏற்றி, பல ஊர்ப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் அடைத்தால் வேறென்ன நடக்கும்? பால்குடி மறந்த குழந்தைக்குக் கப்பலில் கிடைத்தது உப்பிட்ட இறைச்சியும் கல் போன்ற பிஸ்கோத்தும். பேதி கண்ட குழந்தைக்கு அவை எப்படி இறங்கும்?

டைகாண்டெரோகா ஆகஸ்ட் 4 அன்று ஏறத்தாழ 800 பேரோடு புறப்பட்டது. அவர்களில் பெரும் பகுதியினர் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தவர். நவம்பர் தொடக்கத்தில் மெல்போர்ன் அமைந்துள்ள போர்ட் ஃபிலிப் விரிகுடாவின் வாயிலை அடைவதற்குள் நூறு பேர் இறந்திருந்தனர். அந்த வாயிலில் உள்ள பாயிண்ட் நெப்பியன் முனையில் இறக்கி ஒதுக்கி வைத்த பிறகு மேலும் எழுபது பேரளவில் இறந்தனர். நோய் டைஃபஸ், உடற்பேன் வழியே பரவும் காய்ச்சல், டைஃபாய்டு அன்று. பேன்தான் அதைக் கொண்டு செல்கிறது என்பதை ஷார்ல் நிக்கோல் நிறுவியது 1909-இல். 1852-இல் மருத்துவர்கள் கெட்ட காற்றையே காரணமாக நம்பினார்கள். கீழ்த்தளத்துக்குக் காற்று இறங்கித்தான் வர வேண்டும். அலை மிகுந்து மேல்வாய்களை மூடிவிட்டால் அதுவும் இல்லை. தலைமை மருத்துவரும் நோயில் விழுந்தார். உதவி மருத்துவரின் மேல் முழுச் சுமையும் விழுந்தது.

பயணிகள் அழுக்கானவர்கள் என்ற பேச்சு அன்றே எழுந்தது. அதை நான் ஏற்கவில்லை. நல்ல தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு அளந்து தரப்பட்டது. குடிக்கவும் சமைக்கவுமே அது காணாது. கடல் நீரில் சவர்க்காரம் நுரைக்காது. வேகத்துக்காகக் கப்பல்கள் தெற்கே வெகுதூரம் இறங்கிக் குளிர்க்கடலில் ஓடின; கம்பளி உடுப்பைக் கழற்றினால் விறைத்துப் போகும் குளிரில், இருட்டில், இருவருக்கு ஒரு படுக்கையில் நெருக்கிப் படுத்தவர்கள் பேனை எப்படித் தவிர்த்திருப்பார்கள்? தாய் மொழியாகிய கேலிக் மட்டுமே தெரிந்த பலருக்கு மருத்துவர் சொன்னதே விளங்கியிருக்காது. அவர்கள் மேல் பழி போடுவது, அந்தக் கப்பலை அமர்த்தியவர்களை விட்டுவிடுவதாகும்.

நேட்டால் கப்பல்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம், பார்க்க வேண்டும். 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அக்கப்பல்களிலும் மருத்துவர் இருந்தார்; உயிரோடு இறங்கிய தலைக்கே அவருக்கும் பணம். ஆனால் எச்சரிக்கை தேவை: கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் 1856-57 பருவத்தில் சராசரியாக நூற்றுக்குப் பதினேழு பேர் இறந்தனர். பஞ்சத்தில் இளைத்து, துறைமுகக் கிடங்கிலேயே காலராவும் பேதியும் கண்டவர்களை ஏற்றினால், தலைக்கூலி எவ்வளவு உயர்த்தினாலும் மருத்துவரால் காக்க முடியாது. மேலும் ஸ்காட்லாந்துக்காரர் இறங்கியதும் சுதந்திர மனிதர். நம்மவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். சாவு விகிதம் மட்டும் அந்த வேறுபாட்டைக் காட்டாது.

தங்கள் குடும்பத்தில் யாரேனும் அப்படிப் போயிருந்தால், 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை இலட்சம் பேரின் கப்பல் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவை அவற்றில் உண்டு. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை ஆகையால், ஊர்ப் பெயரைப் பல விதமாக எழுத்துக்கூட்டித் தேடிப் பாருங்கள்.