கேள்வி–பதில்: மேடையில் என்ன சொல்வது?

கல்யாண மேடையில் மணமக்கள் மைக் பிடித்து ஒருவருக்கொருவர் உறுதிமொழி சொல்வது பற்றி, சென்ற இதழில் ஒரு வாசகி போகிறபோக்கில் கேட்டிருந்தார். நானும் போகிறபோக்கில் பதில் சொல்லிவிட்டேன். அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். கோடம்பாக்கத்தில் பதினொரு வருடம் வசன உதவியாளனாக இருந்து, சீன் பேப்பருக்கு நடுவில் கார்பன் வைத்து நகல் எடுத்த கை இது என்பதால் என்னிடம் கேட்கிறார்கள் போலும். சரி, இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

மணப்பெண், கோயம்புத்தூர்: தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். வரவேற்பில் இருவரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்று என் ஆசை. 'அலைபாயுதே' ரயில் வசனத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல நினைக்கிறேன். அவருக்குச் சினிமா வசனமே ஆகாது, பேச்சும் வராது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நிச்சயம் ஆனதிலிருந்து எட்டு மாதமாக, இரவு இரண்டு மணிக்கு என் ஷிஃப்ட் முடியும்போது வந்து நிற்பார். என் ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே பைக்கில் விடுதி வரை வருவார். நான் கேட்டைத் திறந்ததும் திரும்பிப் போய்விடுவார். காலை ஆறு மணிக்குப் பட்டறையைத் திறக்க வேண்டியவர். இப்படிப்பட்டவருக்கு என்ன எழுதுவது?

அம்மா, எழுத வேண்டியதை எனக்கு எழுதி அனுப்பிவிட்டு, என்ன எழுதுவது என்று கேட்கிறீர்களே!

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் வடபழனியில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். மாலை வரவேற்பில் மெல்லிசைக் குழுவின் மைக்கை வாங்கி, அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தின் காதல் வசனத்தை என் மனைவியைப் பார்த்துச் சொன்னேன். ஒரு வரி சொல்லி மூச்சு விட்டேன். அடுத்த வரியைப் பந்தியிலிருந்து யாரோ சொன்னார்கள். அதற்கடுத்த வரியை மண்டபமே சொன்னது. கைதட்டல், விசில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரவு மனைவி கேட்டாள்: "அது அந்தப் படத்துல அவன் அவளுக்குச் சொன்னது. நீங்க எனக்கு என்ன சொன்னீங்க?" முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்விக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.

பிரபலமான வசனத்தில் இருக்கிற சிக்கல் இதுதான். நீங்கள் சொல்லும்போது கேட்கிறவர் கண்ணில் நீங்கள் தெரியமாட்டீர்கள், மாதவன் தெரிவார்.

அந்த ரயில் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உன்னை விரும்பவில்லை, ஆசைப்படவில்லை என்று வரிசையாக மறுத்துவிட்டு, இதெல்லாம் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று முடிப்பான். காதல் சொல்வதற்கு அதைவிட அழகாக எழுதிவிட முடியாது. ஆனால் அது கல்யாணத்துக்கு முன் சொல்கிற வசனம். 2000-இல் வந்த அந்தப் படத்தில் கல்யாணம் நடந்த பிறகுதான் கதையே சூடு பிடிக்கும். கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் குடித்தனம், தினமும் சண்டை. அங்கே அந்த வசனம் உதவிக்கு வரவில்லை. பெரும்பாலான காதல் படங்கள் தாலியோடு முடிந்துவிடுவதால், 'எனக்கு உன்மேல் என்ன தோன்றுகிறது' என்பதற்கு நம்மிடம் ஆயிரம் வசனம் இருக்கிறது. 'நாளையிலிருந்து நான் என்ன செய்யப்போகிறேன்' என்பதற்கு வசனம் கிடையாது. உறுதிமொழி என்றால் இரண்டாவதுதான்.

அதற்காகச் சினிமாவை ஒதுக்கச் சொல்லவில்லை. வசனத்தை விட்டுவிட்டு, காட்சி எழுதுகிற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் உதவியாளனாக இருந்தபோது, 'அவன் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான்' என்று எழுதிக்கொண்டு போனால் பெரியவர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "கேமராவை எங்கய்யா வைக்கிறது?" என்பார். உங்கள் கடிதத்தில் கேமரா வைக்க இடம் இருக்கிறது. இரவு இரண்டு மணி, ஒரு ஹெட்லைட், ஒரு கேட்.

உங்கள் கடிதத்தை வைத்தே எழுதிப் பார்த்தேன். பட்டறை, சம்பளம், கோபம் பற்றிய வரிகள் என் கற்பனை. பொருந்தாவிட்டால் அடித்துவிடுங்கள்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு என் வண்டிக்குப் பின்னாடி ஒரு ஹெட்லைட் வரும். எட்டு மாசமா வருது. நான் கேட்டைத் திறந்ததும் திரும்பிப் போயிடும். காலையில ஆறு மணிக்குப் பட்டறை திறக்கணும்னு நீங்க ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் நன்றி சொன்னதில்லை. இனிமே நீங்க பேசலைன்னு நான் சண்டை போட மாட்டேன். பட்டறையில ஆர்டர் இல்லாத மாசம் வந்தா எங்கிட்ட மறைக்காதீங்க. நானும் என் சம்பளம், என் கடன் எதையும் மறைக்க மாட்டேன். பசி வந்தா எனக்குக் கோபம் வரும். அதுக்கு மட்டும் இப்பவே மன்னிச்சிடுங்க."

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. அதற்குமேல் வேண்டாம், பந்தியில் இலை போட்டிருப்பார்கள்.

'நீங்க'வா 'நீ'யா என்பதை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் படத்தில் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தனியாக இருக்கும்போது 'வா, போ' என்றே பேசினாலும், மைக்கில் 'நீ' என்று கேட்டதும் முதல் வரிசையில் ஒரு பெரியம்மா முகம் சுருங்கும். அதைப் பார்த்தால் அடுத்த வரி மறந்துபோகும். அவர் உங்களை 'நீங்க' என்று சொன்னால் கொங்கு நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது அங்கே இயல்புதான்.

இன்னொன்று. பாட்டுக் கச்சேரிக்கு வைத்த எக்கோவைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மன்னிப்பு மூன்று முறை கேட்கும். போனைப் பார்த்துப் படிக்க வேண்டாம். சரியாக அந்த நேரத்தில் டெக்கரேஷன்காரர் பாக்கிப் பணத்துக்காகக் கூப்பிடுவார். ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குப் பேச்சு வராது என்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் வருவதை வீடியோக்காரர் எடுக்கட்டும். அது போதும்.

மணமகன், திருப்பூர்: கைப்பேசியில் ஒரு செயலியிடம் கேட்டேன். சினிமா பாணியில் பத்து வரி உறுதிமொழி நொடியில் எழுதித் தந்துவிட்டது. அதையே சொல்லலாமா?

அதில் மணப்பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் அத்தை மகள் பெயரைப் போட்டு ஒருமுறை படியுங்கள். அப்படியே பொருந்தினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெண்ணின் தகப்பனார், தஞ்சாவூர்: என் மகள் கல்யாண மேடையில் பேசப்போகிறேன் என்கிறாள். அமெரிக்கப் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள். நம் வழக்கத்தில் இதெல்லாம் எங்கே சார் இருக்கிறது?

ஐயா, உங்கள் வீட்டு சப்தபதியிலேயே இருக்கிறது. முதல் அடி உணவுக்கு, இரண்டாவது வலிமைக்கு என்று போய், ஏழாவது அடி வைத்ததும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து, 'என்னோடு ஏழடி நடந்துவிட்டாய், இனி நீ எனக்குத் தோழி' என்று சொல்ல வேண்டும். சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லியிருப்பீர்கள். புகையில் கண் எரிந்ததில் அர்த்தம் கேட்டிருக்க மாட்டீர்கள், நானும் கேட்கவில்லை. சப்தபதி உள்ள கல்யாணத்தில் ஏழாவது அடியோடுதான் திருமணம் முழுமையாகிறது என்று 1955-ஆம் வருட இந்துத் திருமணச் சட்டமே சொல்கிறது. ஆக, வாக்குக் கொடுப்பது அமெரிக்காவிலிருந்து வரவில்லை. புரிகிற மொழியில் சொல்வதுதான் உங்களுக்குப் புதிதாக இருக்கிறது.

அதுவும் நம் ஊரில் அவ்வளவு புதிதில்லை. சுயமரியாதைத் திருமணம் ஒன்றிரண்டுக்காவது நீங்கள் போயிருப்பீர்கள். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மேடையில் ஒரு தலைவர், மணமக்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். சடங்கு இல்லாத அந்தக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1967-இல் அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பர்களோ மற்றவர்களோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலாவது 'இவரை என் கணவராக, இவளை என் மனைவியாக ஏற்கிறேன்' என்று சொன்னால் கல்யாணம் செல்லும். மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோகூடச் செல்லும், ஏதாவது ஒன்று போதும். அதற்கு முன்னால் அந்த முறையில் நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று சேர்த்தே எழுதினார்கள். ஒரு வாக்கியத்தைச் சொன்னாலே கல்யாணம் என்று சட்டம் போட்ட மாநிலத்தில் இருந்துகொண்டு, மகள் நாலு வாக்கியம் பேசுவதற்குக் கோபப்படுகிறீர்கள்.

முகூர்த்தத்தில் வேண்டாம் என்றால் மாலையில் பேசட்டும். கல்யாணம் எந்த முறையில் நடந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பேச்சைவிட அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மணமகன், நாகர்கோவில்: ஆங்கிலப் படங்களில் ஆலயத்திலேயே மணமக்கள் தாங்களே எழுதிய உறுதிமொழியைச் சொல்கிறார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் பூசையிலும் அப்படிச் செய்ய முடியுமா?

முடியாது. குருவும் இரண்டு சாட்சிகளும் கேட்க நீங்கள் சொல்லும் சம்மத வார்த்தைகள் திருச்சபையுடையவை. இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று வருகிறதே, அதை மாற்ற உங்கள் பங்குத்தந்தைக்கே அதிகாரம் இல்லை. சி.எஸ்.ஐ. நண்பர்கள் தங்கள் போதகரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அங்கும் முறைநூலில் வாக்குறுதி எழுதியேதான் இருக்கிறது.

வருத்தப்படாதீர்கள். ஆங்கிலப் படங்களில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடமான 'சாவு பிரிக்கும் வரை' என்பது எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதியதில்லை. 1549-இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட ஜெபப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. செல்வத்திலும் வறுமையிலும், நோயிலும் நலத்திலும் என்ற வரிசையைப் பாருங்கள். எல்லாம் வீட்டுக்குள் நடக்கிற விஷயம், நிலா கிடையாது, நட்சத்திரம் கிடையாது. வசனம் எழுதிப் பிழைத்தவன் சொல்கிறேன், அதில் ஒரு வார்த்தையை எடுக்க எனக்குத் தைரியம் வராது. ஆலயத்தில் அதைச் சொல்லுங்கள். உங்கள் சொந்தச் சரக்கு மாலை விருந்தில் இருக்கட்டும்.

கல்லூரி மாணவி, மதுரை: அக்காவின் உறுதிமொழியை நான்தான் எழுதுகிறேன். 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று தமிழில் எழுதினால் நாடகம்போல இருக்கிறது. 'ஐ லவ் யூ' என்று எழுதினால் அப்பா முறைக்கிறார்.

அப்பா முறைப்பது இருக்கட்டும். நம் படங்களிலேயே கதாநாயகன் எத்தனை பேர் அதை ஆங்கிலத்தில் சொல்லித் தப்பித்திருக்கிறார்கள், எண்ணிப் பார். எழுத்துத் தமிழில் அந்த வாக்கியம் விறைப்பாகத்தான் இருக்கிறது, வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் மதுரையில் யாரும் யாரையும் நேசிப்பதில்லையா? 'சாப்டியா', 'வீட்டுக்குப் போனதும் போன் போடு', 'வெயில்ல அலையாத'. அக்காவும் மாப்பிள்ளையும் தினமும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு அதிலிருந்து எடு. எழுதியதை அக்காவை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல். நாக்கு தடுக்குகிற இடத்தில் உன் தமிழ் இருக்கிறது, அவள் தமிழ் இல்லை. படப்பிடிப்பில் நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இப்படித்தான் நாங்கள் திருத்துவோம்.

வாசகி, பெயர் வேண்டாம், திருவாரூர்: என் கணவர் பராபவ வருடத்துக்காரர். இந்த ஆவணியில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். 34 வருடத்தில் அவரிடம் மனதில் உள்ளதை நேராகச் சொன்னதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, 'ஏங்க'தான். பழைய படங்கள் என்றால் அவருக்கு உயிர். அந்த மாதிரி ஏதாவது சொல்ல ஆசை, பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று கூச்சம். 1998-இல் என் தங்கை கல்யாணத்துக்குப் பணம் குறைந்தபோது தன் டிவிஎஸ் 50-ஐ விற்றுக் கொடுத்தார். என்னிடம் வண்டி ரிப்பேர், நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார். ஒரு வருடம் அலுவலகத்துக்கு நடந்தே போனார். தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

பழைய படத்து வசனம் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. புதிதாக வாக்குக் கொடுக்கவும் வேண்டியதில்லை, 34 வருடம் நீங்கள் இருவரும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

மைக்கும் வேண்டாம். அங்கே ஒரே நாளில் எத்தனையோ ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து ஜோடிக்குத் தாலி கட்டும்போது உங்களுக்கும் சேர்த்துக் கெட்டிமேளம் அடிக்கும். கலச நீர் ஊற்றி முடித்ததும், இருவரும் ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு, பிள்ளைகள் மாற்றுத் துணிப் பையைத் தேடிப் போயிருக்கும் ஐந்து நிமிடம் ஒன்று வரும். அப்போது அவர் பக்கமாகச் சாய்ந்து சொல்லுங்கள்: "ஏங்க, அந்த வண்டி ரிப்பேர் இல்லைன்னு எனக்குத் தெரியும்."