மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. முற்றிய நிலை ஹாட்ஜ்கின் லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) என்று சொல்லி ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கீமோதெரபி தொடங்கினார்கள். இரண்டு சுழற்சி முடிந்து எடுத்த பெட் ஸ்கேனில் ‘டோவில் மதிப்பெண் 3’ என்றும், நெஞ்சில் சிறிய கட்டி மீதம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். சிகிச்சை பாதிகூட முடியாத நிலையில் இந்தப் படத்தை வைத்து அவன் பிழைப்பானா என்று சொல்லிவிட முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: மீதமிருக்கும் கட்டியைக் கண்டு கலங்க வேண்டாம். ஹாட்ஜ்கின் கட்டியில் புற்றுச் செல்கள் மிகச் சொற்பமே. எஞ்சிய பெரும்பகுதி அவற்றைச் சூழ்ந்த அழற்சிச் செல்களும் நார்த்திசுவும்தான் என்பதால், நோய் அடங்கிய பிறகும் தழும்பு போன்ற ஒரு திரள் தங்கிவிடுவது வழக்கம். சி.டி. ஸ்கேன் அந்தத் திரளின் அளவைத்தான் காட்டும். பெட் ஸ்கேனோ, கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த குளுக்கோஸை எந்தத் திசு ஆவலோடு உறிஞ்சுகிறது என்பதைக் காட்டுவதால், அங்கே உயிர்ப்புள்ள நோய் இருக்கிறதா என்று கணிக்க உதவுகிறது.

பிரான்சின் டோவில் நகரில் 2009இல் கூடிய வல்லுநர்கள் வகுத்த ஐந்து படி அளவுகோல், கட்டியின் ஒளிர்வை நோயாளியின் சொந்த நெஞ்சறை இரத்தக்குழாயோடும் கல்லீரலோடும் ஒப்பிடுகிறது. மூன்று என்றால் நெஞ்சறை இரத்தக்குழாயைவிட அதிகம், ஆனால் கல்லீரலைத் தாண்டவில்லை என்று பொருள். சிகிச்சையின் நடுவே எடுக்கும் இடைக்கட்ட ஸ்கேனில் இதை ‘நெகடிவ்’ (உயிர்ப்புள்ள நோய் தென்படவில்லை) என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள்.

2007இல் வெளியான இத்தாலிய–டேனிய ஆய்வில், 260 நோயாளிகளுள் இரண்டு சுழற்சிக்குப் பின் நெகடிவ் வந்தவர்களில் 95 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகள் நோய் முற்றாமல் இருந்தனர். பாசிடிவ் வந்தவர்களில் அப்படி இருந்தவர்கள் சுமார் 13 விழுக்காடே. ஆனால் அது நோய் முற்றாதிருந்தோரின் கணக்கு, உயிர் பிழைத்தோரின் கணக்கு அன்று. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பயந்துபோகிறவர்கள் பலர். தவிர, 2016இல் முடிவு வெளியான ‘ராதல்’ ஆய்வில் பாசிடிவ் வந்தவர்களுக்கு வீரியமான மருந்துகளுக்கு மாற்றியபோது, மூன்று ஆண்டுகள் நோய் முற்றாதிருந்தோர் 67.5 விழுக்காடு. படம் பார்த்துச் சொன்ன ஆருடத்தைச் சிகிச்சை மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. அதே ஆய்வில் நெகடிவ் வந்தவர்களுக்கு, ஏ.பி.வி.டி.யின் நான்கு மருந்துகளில் ஒன்றான, நுரையீரலைப் பாதிக்கக்கூடிய ப்ளியோமைசினை மூன்றாம் சுழற்சி முதல் நிறுத்தியும் பலன் ஏறத்தாழ அப்படியே இருந்தது: மூன்று ஆண்டுகள் நோய் முற்றாதிருந்தோர் நிறுத்தியவர்களில் 84.4, தொடர்ந்தவர்களில் 85.7 விழுக்காடு. உங்கள் தம்பிக்கும் அதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நெகடிவ் வந்தவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் போல மூன்று ஆண்டுக்குள் நோய் முற்றியோ திரும்ப வந்தோ பாதிக்கப்பட்டதையும் மறைக்க விரும்பவில்லை. தனி ஒருவரின் முடிவை எந்தப் படமும் அறுதியிட்டுக் கூறாது. மறுபுறம், பிற்பாடு எப்போதாவது பாசிடிவ் வந்தாலும் அது புற்றுநோயாகவே இருக்க வேண்டியதில்லை. காசநோயும் பிற தொற்றுகளும் இதே போல ஒளிரும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. ஐயம் எழும் இடத்தில் திசுப் பரிசோதனை செய்த பிறகே மருந்தை மாற்றுவது நல்லது.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது முதல் ஸ்கேனின் குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கூடுமானவரை அதே இயந்திரத்தில் எடுத்தால் ஒப்பீடு நம்பகமாக இருக்கும்.