பட்டியல் என்ற பெயர் யாருக்கு?

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால டியூஷன் நடத்துகிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்குப் பழைய லேப்டாப் மூன்றை வைத்துப் பைத்தான் என்ற நிரல் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காக ஒரு சின்ன ஷெல், அதாவது அடித்த வரியை உடனே ஓட்டிக் காட்டும் திரை, எழுதினேன். அதில் பைத்தான் வரியும் அடிக்கலாம், 'சேமி', 'திற', 'பட்டியல்', 'உதவி' மாதிரி தமிழ்க் கட்டளையும் அடிக்கலாம். கட்டளை ஷெல் எழுதுவதற்கென்று பைத்தானோடு வரும் சிஎம்டி மாட்யூலை வைத்துத்தான் தொடங்கினேன். ஆனால் 'டூ' போட்டு, அடிக்கோடு போட்டு, 'சேமி' என்று மெத்தட் (கட்டளையின் வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எழுதினால் ஷெல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் தெரியாத வரி வந்தால் ஓடும் டிஃபால்ட் மெத்தடுக்குள் வரியின் முதல் சொல்லை எடுத்து இஃப், எலிஃப் என்று அடுக்கிவிட்டேன். இப்போது 26 கட்டளைகள். எதிலும் சேராத வரியைப் பைத்தானாக ஓட்டும் ரன்சோர்ஸிடம் கொடுத்து, அது தருவதை அப்படியே ரிட்டர்ன் செய்கிறேன்.

ஃபார் லூப்பின் முதல் வரியை அடித்து என்டர் தட்டினால் ஷெல்லே மூடிக்கொள்கிறது. "இன்னாக்கா, மூடிக்கிச்சு" என்று கத்துகிறார்கள். அப்புறம் ஒரு பையன் 'பட்டியல் = [3, 5]' என்று அடித்தான். சேமித்து வைத்த நிரல்களின் பட்டியல் வந்து நின்றது. இடைவெளி இல்லாமல் சேர்த்து அடித்தால் சரியாகப் போகிறது. ஐடியில் வேலை செய்யும் என் அண்ணி, "எல்லாத்தையும் கிளாஸா மாத்து" என்கிறார். தகவலையும் வேலையையும் ஒன்றாகக் கட்டி எழுதும் கிளாஸ், அதுவும் 26-ஆ? எதற்காக என்று சொல்ல முடியுமா?

ஒரு வாசகி,
வியாசர்பாடி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தேன். சரக்கு ரயில் முழுதாகப் போய் முடிவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன். கிளாஸ் பற்றித்தான் நீங்கள் அழுத்திக் கேட்டிருக்கிறீர்கள். என் மனம் அந்த இடைவெளியிலேயே நின்றுவிட்டது. சமக்குறிக்கு முன்னால் இடம் விட்டால் வேலை செய்யாது என்று அந்தப் பையன் இப்போது நம்பிக்கொண்டிருப்பான். பைத்தானில் அப்படி ஒரு விதி கிடையாது. உங்கள் ஷெல் அவனுக்கு இல்லாத ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. நாளை வேறு கணினியில் உட்காரும்போதும் அதை அவன் கூடவே எடுத்துப்போவான்.

முதலில் மூடிக்கொள்ளும் பிரச்சினையை முடித்துவிடலாம். சிஎம்டி மாட்யூலில் எந்தக் கட்டளை உண்மை என்று மதிப்பிடப்படும் எதையாவது திருப்பித் தந்தாலும் 'போதும், நிறுத்து' என்று பொருள். ரன்சோர்ஸோ, வரி இன்னும் முடியவில்லை, மேலும் வேண்டும் என்பதைச் சொல்ல ட்ரூ, அதாவது 'உண்மை' என்ற மதிப்பு, தருகிறது. நீங்கள் அதை அப்படியே ரிட்டர்ன் செய்வதால், 'இன்னும் வேண்டும்' என்பது 'நிறுத்து' என்று போய்ச் சேருகிறது. ஆனால் அந்த ரிட்டர்னை மட்டும் எடுத்துவிட்டால் போதாது. சிஎம்டி ஒவ்வொரு வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டுத்தான் டிஃபால்ட்டிடம் தருகிறது. லூப்புக்குள் வரும் வரியின் உள்தள்ளல் அங்கேயே போய்விடும். வெறும் என்டர் தட்டினால் போன கட்டளையைத் திரும்ப ஓட்டுவதும் அதன் வழக்கம். பைத்தான் ஷெல்லிலோ லூப்பை முடித்துவைப்பதே வெறும் என்டர்தான். அது கட்டளைகள் மட்டும் உள்ள ஷெல்லுக்காக எழுதப்பட்ட நல்ல மாட்யூல். நிரல் வரிகளும் வரும் இடத்துக்கு அது தோதுப்படாது.

தமிழ் மெத்தடை அது கண்டுகொள்ளாததற்கும் காரணம் உண்டு. கட்டளைப் பெயரில் என்னென்ன எழுத்து வரலாம் என்று ஐடென்ட்சார்ஸ் என்ற பட்டியல் ஒன்றை அது வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். பைத்தான் மொழியே 2008-இல் 3.0 வந்ததிலிருந்து மதிப்பைப் போட்டு வைக்கும் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்க விடுகிறது, இந்த மாட்யூல் விடவில்லை. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கணினி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் பைத்தான் ஷெல்லில் எக்ஸிட் என்று அடித்தான். வெளியேற எக்ஸிட் எழுதி அடைப்புக்குறி போடு, இல்லையென்றால் கன்ட்ரோல் டி அழுத்து என்று பதில் வந்தது. அவன் கேட்டான்: "நான் போவணும்னு அதுக்குப் புரிஞ்சிடுச்சு இல்ல சார், அப்புறம் ஏன் உட மாட்டேங்குது?" அன்றைக்கு எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. காரணம் இதுதான். அந்த ஷெல்லில் கட்டளை என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லாமே நிரல் வரி. எக்ஸிட் என்பதும் பைத்தானின் ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்). பொருளின் பெயரை அடித்தால் அது தன்னைப் பற்றிய ஒரு வரியைக் காட்டும், அந்த வரியில்தான் இந்தக் குறிப்பை எழுதி வைத்திருந்தார்கள். 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் ஷெல்லைப் புதிதாக எழுதினார்கள். இப்போது வெறும் எக்ஸிட் போதும், ஷெல்லே அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது.

பைத்தான் ஷெல் கட்டளையே வேண்டாம் என்றிருந்தது. நீங்கள் எந்தச் சொல் வந்தாலும் முதலில் கட்டளையா என்று பார்க்கிறீர்கள். இரண்டிலும் மாட்டிக்கொள்வது அடிக்கிற பிள்ளைதான். வரியை வாங்கியதும் ஷெல் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வரி யாருடையது என்பது. பட்டியல் என்பது பிள்ளைக்கு மிக இயல்பாக வரும் பெயர், அவன் செய்வதும் ஒரு பட்டியல்தானே. அந்தப் பெயர் அவனுக்குத்தான் சொந்தம். ஐபைத்தான் என்ற இன்னொரு பைத்தான் ஷெல்லில் கட்டளைக்கு முன்னால் சதவீதக் குறி இருக்கும். குறியில்லாமல் அடிக்கவும் வழி உண்டு, ஆனால் அதே பெயரில் நீங்கள் ஒரு மாறி வைத்திருந்தால் மாறிக்குத்தான் முன்னுரிமை. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒரு குறி கட்டாயம் என்று வைத்துவிடுங்கள். எந்தக் குறி என்பதில் விசைப்பலகையைப் பாருங்கள். ஜூலியா என்ற நிரல் மொழியின் ஷெல்லில் மூடும் சதுர அடைப்பும் அரைப்புள்ளியும் பயன்படுகின்றன. தமிழ்99 விசைப்பலகையில் அந்த விசைகளை அழுத்தினால் ஞ-வும் ந-வும் வரும். சாய்கோட்டில் ழ உட்கார்ந்திருக்கிறது. புள்ளி மட்டும் தொந்தரவில்லாமல் அதன் இடத்திலேயே இருக்கிறது. தரவுத்தளமான எஸ்கியூலைட்டின் ஷெல்லும் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடின் ஷெல்லும் கட்டளைக்குப் புள்ளியைத்தான் வைத்திருக்கின்றன. எனவே '.பட்டியல்' என்றால் உங்கள் கட்டளை, 'பட்டியல்' என்றால் பையனின் மாறி. புள்ளி ஐந்து என்பது பைத்தானில் ஒரு எண் என்பதால், புள்ளிக்கு அடுத்து எழுத்து வந்தால் மட்டும் கட்டளை என்று கொள்ளுங்கள். பாதி எழுதிய லூப்புக்குள்ளோ மூடாத அடைப்புக்குறிக்குள்ளோ இருக்கும்போது கட்டளையைத் தேடவே தேடாதீர்கள், அந்த நேரத்தில் வரி முழுக்கப் பைத்தானுடையது.

இதைச் செய்ய, கோட் மாட்யூலில் உள்ள இன்டராக்டிவ் கன்சோல் கிளாஸிலிருந்து உங்கள் ஷெல்லை எழுதுங்கள். வரி ஒவ்வொன்றும் அதன் புஷ் மெத்தட் வழியாகத்தான் போகும். முடியாத வரிகள் காத்திருக்கும் பஃபர் காலியாக இருந்து, வரி புள்ளியும் எழுத்துமாகத் தொடங்கினால் கட்டளைக்கு அனுப்பிவிட்டு ஃபால்ஸ் ரிட்டர்ன் செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் பழைய புஷ்ஷிடமே விட்டுவிடுங்கள். வெளியேறு என்ற ஒரே கட்டளை, நிரலை முடிக்கும் சிஸ்டம்எக்ஸிட்டை எழுப்பட்டும். கட்டளையின் பெயரைப் பிரிக்க இடைவெளியில் உடையுங்கள். எழுத்து வடிவத்தைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்வும் டபிள்யூவும் போட்டால், பைத்தானின் ஆர்இ மாட்யூல் தமிழ் மெய்யெழுத்தின் புள்ளியையும் கால், கொம்பையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளாது. 'சேமி' என்பது 'ச'-விலேயே நின்றுவிடும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகத் தனித்தனியாகவும் உள்ளிடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் பெயரை ஒப்பிடுவதற்கு முன் யூனிகோட்டேட்டா மாட்யூலால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது அண்ணி சொன்னது. அவர் சொல்வது சரி, காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். உங்கள் இஃப் ஏணியில் ஒரு கட்டளையின் வேலை ஓரிடத்தில் இருக்கும், அதன் விளக்கம் '.உதவி'க்குள் வேறிடத்தில் இருக்கும், டேப் அழுத்தினால் வர வேண்டிய பெயர் இன்னோரிடத்தில். புதிதாக ஒன்று சேர்க்கும்போது மூன்றில் ஒன்றை மறப்பீர்கள். கிளாஸ் இவற்றை ஒன்றாகக் கட்டி வைக்கும். ரூபி என்ற நிரல் மொழிக்காரர்களின் ப்ரை ஷெல்லில் ஒவ்வொரு கட்டளை கிளாஸும் தன் பெயர், எந்தக் குழுவைச் சேர்ந்தது, ஒருவரி விளக்கம், நீண்ட உதவி, என்னென்ன தெரிவுகளை ஏற்கும் என்பதையெல்லாம் தானே சொல்லும். கடைசியில்தான் ப்ராசஸ் என்ற மெத்தட். உதவிப் பக்கம் அந்த கிளாஸ்களைக் கேட்டுத் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும். பைத்தான் 3.6-இலிருந்து, துணை கிளாஸ் ஒன்று உருவானதும் தானே ஓடும் இனிட்_சப்கிளாஸ் இருக்கிறது. அடிப்படை கிளாஸில் அதை ஒருமுறை எழுதிவிட்டால், புதுக் கட்டளை பிறந்த உடனே பதிவாகிவிடும்.

26-க்கும் கிளாஸ் எழுத வேண்டாம். திரையைத் துடைப்பது மாதிரி இரண்டு வரிக் கட்டளைக்கு ஒரு ஃபங்ஷனும், அதைக் கட்டளையாகப் பதிவு செய்ய மேலே ஒரு டெக்கரேட்டர் வரியும் போதும். ப்ரையிலும் இரண்டு வழியும் உண்டு. சேமி, திற மாதிரி தெரிவுகளும் சரிபார்ப்பும் உள்ளவைதான் கிளாஸாக வேண்டும்.

ஒன்றே ஒன்று கவனமாக இருங்கள். கட்டளை ஓடும் ஒவ்வொரு முறையும் புதிய பொருளை உருவாக்குங்கள். துறைமுகம் பக்கம் ஒரு நிறுவனத்தில் கன்டெய்னர் பதிவுகளைப் பார்ப்பதற்கு நான் ஒரு ஷெல் எழுதினேன். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே பொருளைத் தொடக்கத்திலேயே செய்து வைத்துவிட்டேன். ஒருவர் 'நேற்றையது மட்டும்' என்று கேட்டார். அந்தக் குறிப்பு பொருளுக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்து வந்தவர் முழுப் பட்டியல் கேட்டபோதும் நேற்றையது மட்டும் அச்சாகி, அதை வைத்துக்கொண்டு யார்டு முழுக்கத் தேடினார்கள். தப்பு முழுக்க என்னுடையது. நினைவில் நிற்க வேண்டியவை ஷெல்லிடம் இருக்கட்டும், கட்டளையிடம் எதுவும் தங்க வேண்டாம்.

உதவி வரிகளை நீங்கள் எழுதாதீர்கள். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு கட்டளையைக் கொடுத்து, அது என்ன செய்கிறது என்று அவர்கள் பேச்சிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். '.பட்டியல்' அந்தப் பையனுக்கு. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நான் தண்டையார்பேட்டையில்தான் இருப்பேன், சொன்னால் மாடிக்கே வந்துவிடுகிறேன். பழைய லேப்டாப்பில் ஒட்டுவதற்குத் தமிழ்99 எழுத்து ஸ்டிக்கர் இரண்டு தாள் என்னிடம் இருக்கிறது, அதையும் எடுத்துவருகிறேன்.