பிஎச்.டி. இல்லாமல் ஒரு நோபல்

கேள்வி: மருந்து விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியனுக்கு பிஎச்.டி. பட்டமே கிடையாதாம். மேலதிகாரி ஜார்ஜ் ஹிட்சிங்ஸோடு ஒட்டிக்கொண்டு, பெண் என்ற சலுகையில்தானே 1988இல் மருத்துவ நோபல் வாங்கினார்?

பதில்: பெண் என்பதால் அவருக்குக் கிடைத்த சலுகைகளைச் சொல்கிறேன், கேளுங்கள். 1937இல் நியூயார்க் ஹன்டர் கல்லூரியில் வேதியியல் முடித்தார். மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு எழுதிய இடமெல்லாம் கைவிரித்தன. வேலை கேட்டுப் போன ஓர் ஆய்வுக்கூடத்தில், நீங்கள் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்றார்கள். கொஞ்ச காலம் ஊறுகாயின் புளிப்பையும், மயோனைஸில் சேரும் மஞ்சள் கருவின் நிறத்தையும் சோதிக்கும் வேலை பார்த்தார்.

பிஎச்.டி.யும் ஆரம்பித்தவர்தான். பகலில் ஆய்வுக்கூடம், மாலையில் ரயிலேறி புரூக்ளின் பாலிடெக்னிக். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்தால்தான் பட்டம் என்று டீன் கறாராகச் சொல்ல, இவர் படிப்பை விட்டார். நோபலுக்கு அப்புறம் அதே கல்வி நிறுவனம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது தனிக்கதை.

சரி, ஹிட்சிங்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1944இல் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தது உண்மை. ஆனால் பியூரின் ஆராய்ச்சியை அவர் எலியன் கையிலேயே விட்டுவிட்டார். செல் பெருக டிஎன்ஏ வேண்டும். டிஎன்ஏவைக் கட்ட பியூரின் என்ற செங்கல் வேண்டும். கண்டபடி பெருகும் புற்றுசெல்லுக்கு அது ஓயாமல் வேண்டும். அசலைப் போலவே இருக்கும் போலிச் செங்கல்லை நீட்டினால்? பியூரின் வகையைச் சேர்ந்த ஹைப்போசாந்தைன் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு இருந்த இடத்தில் கந்தகத்தை வைத்தார். அதுதான் 6-மெர்காப்டோபியூரின். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில மாதங்களிலேயே இறந்துகொண்டிருந்த காலம் அது. மருந்து கொடுத்ததும் நோய் பின்வாங்கியது. பலருக்குத் திரும்பவும் வந்து உயிரைக் குடித்தது. பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பின்புதான் பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்றும் அந்தச் சிகிச்சையில் இந்த மாத்திரை இருக்கிறது. அதன் வழிவந்த அசாத்தியோபிரின்தான், 1962இல் பாஸ்டனில் உறவல்லாத ஒருவரின் சிறுநீரகத்தை நோயாளியின் உடம்பு தள்ளிவிடாமல் காத்தது.

1967இல் ஹிட்சிங்ஸ் ஆய்வு மேசையை விட்டு நிர்வாகத்துக்குப் போய்விட்டார். அசைக்ளோவிர் அதற்குப் பிறகு எலியனின் குழுவிலிருந்து வந்தது. வைரஸின் நொதி தொட்டால்தான் விழித்துக்கொள்ளும் மருந்து அது. வைரஸ் புகாத செல்லைப் பெரும்பாலும் சீண்டாது. அக்கி வந்தவர்களைக் கேளுங்கள், பெயர் சொல்வார்கள். இதில் யாரோடு ஒட்டிக்கொண்டாராம்?

அந்த நோபலில் மூன்றாவது பங்குதாரர் ஜேம்ஸ் பிளாக். அவரிடம் இருந்ததும் மருத்துவப் பட்டம்தான், பிஎச்.டி. அல்ல. அவரைப் பற்றி இப்படி ஒரு கேள்வி இதுவரை எனக்கு வரவில்லை.