மூன்றாம் நாள் குதிகால் வலி

கேள்வி: கோத்தகிரி பக்கம் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 63. தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். இருமலுக்குத் தனியார் கிளினிக்கில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதித் தந்தார்கள். மூன்றாம் நாள் குதிகால் வலித்தது. போய்ச் சொன்னதற்கு, "மலையில் நடந்தால் வலிக்கத்தான் செய்யும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்றார்கள். ஆறாம் நாள் குதிகால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்துவிட்டது. பக்கவிளைவு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் 'சொல்லவில்லை' என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சமீரா கோஹ்லி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், நோயாளிக்குப் போதிய விவரம் தர வேண்டும் என்றது. அரிதாக நேரும் சிக்கல்களையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றும் கூறிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

உங்கள் பலம் அந்த மூன்றாம் நாளில் இருக்கிறது. லெவோஃப்ளாக்சசின் வகை மருந்து தசைநாணைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரித்தது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். அம்மா இரண்டிலும் வருகிறார். வலி தொடங்கியதும் மருந்தை நிறுத்த வேண்டும். இங்கே தொடரச் சொல்லியிருக்கிறார்கள். (ஆண்டுக்கணக்கில் சரிவில் ஏறி இறங்கிய கால் அந்த வாரம் பார்த்து அறுவானேன் என்று நான் கேட்பேன்.)

எனவே அந்த இரண்டாம் வருகைக்கு ஆதாரம் தேடுங்கள்: ரசீது, டோக்கன், கைப்பேசி அழைப்பு, உடன் சென்றவர். கிளினிக்கில் சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. லெவோஃப்ளாக்சசின் 'எச்1' அட்டவணை மருந்து, அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம். விற்ற கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு தொலைந்திருந்தாலும் அது கைகொடுக்கும்.

போலீஸ் புகார் வேண்டாம். குற்ற வழக்குக்குக் கடுமையான அலட்சியத்தைக் காட்ட வேண்டும். உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கெடு இரண்டு ஆண்டு. நீங்கள் கட்டிய சிகிச்சைக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. பெண் என்பதால், வருமானம் எவ்வளவு என்று பாராமல் அம்மாவுக்கு இலவச வக்கீல் கிடைப்பார், சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளையும் மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள்.