எரித்த கேசட் யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 49. பதினைந்து வயதில் ஏசி/டிசி என்ற ராக் இசைக்குழு என்றால் உயிர். அண்ணனும் நானும் ஒரே வாக்மேனில் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு விடிய விடியக் கேட்போம். கேசட் அட்டையில் அண்ணன் பொடிப்பொடியாகப் பாட்டு வரிசையை எழுதிவைப்பார். பத்தொன்பது வயதில் ஒரு வாலிபர் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன். அந்த இசைக்குழுவின் பெயரே அந்திக்கிறிஸ்துவைக் குறிப்பது என்று அங்கே சொன்னார்கள். வீட்டிலிருந்த அத்தனை கேசட்டையும் கொண்டுபோய், சபையார் முன்னிலையில் எரித்தேன். (முக்கால்வாசி அண்ணனுடையவை. அவர் அப்போது வேலைக்காக வெளியூரில் இருந்தார்.) அன்றிலிருந்து இதைச் சாட்சியாகச் சொல்லிவருகிறேன். போன மாதம் காரில் போகும்போது பக்கத்து வண்டியிலிருந்து அவர்களுடைய ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ பாட்டின் மணிச்சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்து, கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் ஜெபித்தும் பழைய மனுஷன் எனக்குள் சாகவில்லையா? உபவாசம் இருக்க வேண்டுமா? குடும்பத்தில் வேறு பிரச்சினை எதுவும் இல்லை. அண்ணன் மட்டும் இன்னும் விசுவாசத்துக்குள் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் அதிகம் வருவதில்லை.

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. பாட்டு மாறும், பாடகர் மாறுவார். ‘பழையது இன்னும் இனிக்கிறதே, நான் பின்வாங்கிப் போய்விட்டேனா’ என்ற பயம் மட்டும் மாறுவதில்லை. நாலு வசனத்தை எடுத்துப் போட்டு, கலங்காதீர்கள் என்று முடித்துவிடலாம். உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

முக்கால்வாசி அண்ணனுடையவை.

அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவர் பொருளை எடுத்துக்கொண்டுபோய் நாலு பேர் முன்னால் கொளுத்தியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பீர்கள்? பத்துக் கட்டளைகளில் எட்டாவது ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும். நீங்களோ அதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, மணிச்சத்தம் கேட்டுச் சிலிர்த்ததற்கு உபவாசம் இருக்கட்டுமா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

எபேசு பட்டணத்து மக்கள் மந்திரப் புஸ்தகங்களை எரித்ததைக் காட்டித்தான் அன்றைக்கு உங்களைத் தூண்டியிருப்பார்கள். எரித்தவற்றின் கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம் கணக்குச் சொல்கிறது. அவ்வளவும் அவரவர் சொந்தப் புஸ்தகம். நஷ்டம் எரித்தவருக்கு. அர்வனாவின் களத்தில் பலியிடப் போன தாவீதையும் நினைத்துப் பாருங்கள். களமும் மாடும் விறகும் சும்மாவே தருகிறேன் என்றான் அர்வனா. இலவசமாய் வாங்கி என் தேவனுக்குப் பலி செலுத்தமாட்டேன் என்று சொல்லி, ஐம்பது சேக்கல் வெள்ளியை எண்ணிக் கொடுத்துத்தான் தாவீது வாங்கினார். உங்கள் பலிக்கு விலை கொடுத்தது யார்? கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ, கேட்கப்படவே இல்லாத உங்கள் அண்ணன்.

இசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயர்க் கதை பொய். 1973-இல் சிட்னியில் மால்கம் யங்கும் தம்பி ஆங்கஸும் குழுவைத் தொடங்கியபோது, அக்கா மார்கரெட்டின் தையல் மெஷினில் இருந்த மின்சாரக் குறியீட்டிலிருந்து எடுத்த பெயர் அது. நீங்கள் கேட்டுச் சிலிர்த்த மணிக்கும் ஒரு காரணம் உண்டு. 1980 பிப்ரவரியில் அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் 33 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டு ஜூலையில் வந்த ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்துக்கு அவருக்குத் துக்கம் காட்டித்தான் கறுப்பு அட்டை போட்டார்கள். அதன் முதல் பாட்டில் முதலில் கேட்பது அந்த மணி. அதை வார்த்தது, லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் பெரிய மணியை வார்த்த அதே பட்டறை. இதனால் அந்தப் பாட்டுகள் பரிசுத்தமானவை என்று நான் சொல்லவரவில்லை. குடியையும் பெண் மோகத்தையும் கொண்டாடுகிற வரிகள் அவற்றில் ஏராளம். பதினைந்து வயதுப் பிள்ளை இராப்பகலாக அதில் ஊறிக்கிடப்பது எனக்குப் பிடிக்காது. விட்டுவிட்டீர்கள், நல்லது. உங்கள் பங்கு கால்வாசியை எரித்திருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொன்று கேட்கிறேன். இத்தனை வருடம் சாட்சி சொன்னீர்களே, ஒரு தடவையாவது ‘அவை என் அண்ணனுடையவை’ என்று சபையில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லியிருந்தால் அந்தச் சாட்சிக்கு அல்லேலூயா வந்திருக்காது. அண்ணன் இன்னும் விசுவாசத்துக்குள் வரவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஊரிலிருந்து திரும்பி வந்து அலமாரியைத் திறந்தவருக்கு, உங்கள் விசுவாசம் என்னவாகத் தெரிந்திருக்கும்? சம்பாதித்து வாங்கியது, தன் கையாலேயே அட்டை எழுதியது, தம்பிக்கும் சேர்த்துப் போட்டுக் காட்டியது எல்லாம் சாம்பல். அதற்கு மேல் அவர் என்னத்துக்கு உங்கள் வீட்டுக்கு வர வேண்டும்? ‘குடும்பத்தில் வேறு பிரச்சினை எதுவும் இல்லை’ என்று எழுதிய கையோடு, அதிகம் வருவதில்லை என்றும் எழுதுகிறீர்கள். கூடப்பிறந்தவன் வாசல் மிதிக்காததைப் பிரச்சினையாகவே நினைக்காமல் இருக்க எப்படிப் பழகினீர்கள்?

காரில் உங்கள் கண் எதற்குக் கலங்கியது என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். ஒரு காதில் உங்களுக்குப் பாட்டு, மறு காதுக்குப் போன ஒயரின் நுனியில் அண்ணன். அந்த வயதில் நீங்கள் கேட்ட ஒவ்வொரு பாட்டையும் அவரோடுதான் கேட்டிருக்கிறீர்கள். பழைய மனுஷன் சாகவில்லை என்று பயப்படுகிறீர்கள். உயிரோடிருக்கும் அண்ணனுக்காக ஏங்கியதைப் பாவம் என்று எண்ணி அதற்கு உபவாசம் வேறு இருந்தால், அவரை இரண்டாவது முறையும் தள்ளிவைத்ததாகிவிடும்.

நீங்கள் உயிராக நேசித்த அந்தக் குழுவே ஓர் அண்ணன் தம்பி நடத்தியது. 2008-இல் தொடங்கிய சுற்றுப்பயணத்திலேயே மால்கமுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது. தானே போட்ட மெட்டுகளை மறுபடி உட்கார்ந்து பழகித்தான் மேடையேறினார். 2014-இல் விலகினார், 2017 நவம்பரில் 64 வயதில் போய்ச்சேர்ந்தார். கடைசியில் அந்தப் பாட்டுகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பு தம்பிக்கு வந்துவிட்டது. உங்கள் அண்ணனுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும். அவருக்கு எல்லாம் நினைவிருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

பலிபீடத்தண்டை வந்தபோது உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்றார் இயேசு. மத்தேயு ஐந்தாம் அதிகாரம்; நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகவே உபவாசம் வேண்டாம், இந்த ஞாயிறு சாட்சியும் வேண்டாம். அண்ணன் வீட்டுக்குப் போங்கள். ‘உங்க கேசட்டை உங்களைக் கேட்காம எடுத்து எரிச்சேன், அது திருட்டு’ என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். அப்போது சின்ன வயசு என்று சேர்க்காதீர்கள், கர்த்தருக்காகச் செய்தேன் என்றும் சேர்க்காதீர்கள். அன்றைக்கு அவரைச் சபைக்குக் கூப்பிடாதீர்கள். ஆயக்காரன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். நீங்கள் அந்த ஆல்பங்களைத் தேடிப்பிடித்து ஒரு தரமாவது வாங்கிக் கொடுங்கள். வீட்டுக்குள் அந்த இசையைக் கொண்டுபோகலாமா என்று போதகரிடம் கேட்கப் போகாதீர்கள். எடுத்தபோது யாரையும் கேட்கவில்லையே.

அவர் சிரித்துவிட்டு மறந்துபோச்சு என்பார். நம்பிவிடாதீர்கள், அட்டையில் அவர் எழுதிய வரிசையைப் பற்றிக் கேளுங்கள். கோபப்பட்டால் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினால் அடுத்த வாரம் மறுபடி போங்கள். உங்களுக்குப் பதிலாக மனைவியையோ பிள்ளைகளையோ அனுப்பிவைக்காதீர்கள். அதன் பிறகு சபையில் எழுந்து, அந்தக் கேசட்டுகள் யாருடையவை என்பதையும் சொல்லுங்கள்.